ஆழம் போதாத டிராயர்

என் கணவருக்கு வேலை செய்வதைவிட, வேலை செய்வதற்கான ஏற்பாடுகளைச் செய்வதில்தான் நாட்டம் அதிகம். நாமக்கல்லைத் தாண்டி, திருச்செங்கோடு ரோட்டில் எங்கள் லாரிப் பட்டறை இருக்கிறது. அப்பா ஆரம்பித்தது. அப்பா போனபிறகு பெயர்ப்பலகையில் இவர் பெயரை எழுதினோம். ஆள் பிடிப்பது, சாமான் வாங்குவது, வண்டியைச் சொன்ன நாளில் முடித்துக்கொடுப்பது எல்லாம் நான். அதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. இது தெரிந்த ஒரு மனிதர் இருந்தார், அது போதும் என்றிருந்தேன்.

அவர் எருமப்பட்டிக்காரர், அப்பாவின் சினேகிதர். போர்வெல் போடுகிற ரிக் லாரிகள் வைத்திருக்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். மற்ற லாரிக்காரர்கள் என்னைப் பார்த்ததும் ஊட்டுக்காரர் இல்லீங்களா என்று கேட்டு, இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வருவார்கள். இவர் மட்டும் நேராக எனக்குப் போன் செய்து, பின்னாடி ஸ்பிரிங் பட்டையில் சத்தம் வருகிறது, எப்போது கொண்டுவரட்டும் என்று கேட்பார். இத்தனை வருஷத்தில் பட்டறை என்னுடையது என்று மதித்துப் பேசிய வாய் அது ஒன்றுதான். அவர் வண்டிகள் வராமல் போனால் எங்களுக்குப் பஞ்சர் ஒட்டுவதுதான் மிச்சம் என்பதும் உண்மை.

போன வருஷம் அஸ்தம்பட்டியில் தன் தம்பி வீட்டுக்குப் போன என் கணவர், ஒரு சிவப்புப் பெட்டியோடு திரும்பினார். இரும்புப் பெட்டி. நெஞ்சு உயரம், அடியில் சக்கரம், மேலிருந்து கீழே வரிசையாக டிராயர்கள். எல்லாம் இட்லித் தட்டு ஆழம்தான். கடைசி டிராயர் மட்டும் கொஞ்சம் ஆழம். தம்பி வீட்டில் ஏதோ வீடியோவில் ஒரு வெள்ளைக்காரன் இந்த மாதிரிப் பெட்டியை இழுத்து இழுத்து மூடியதைப் பார்த்தாராம். அன்றிலிருந்து மனுஷன் மனுஷனாக இல்லை.

அதுவரை எங்கள் சாமான்கள் சாக்கில் கிடந்தன. அதொன்றும் பெருமையில்லை. ஒரு ஸ்பேனருக்காகச் சாக்கையே கவிழ்த்துக் கிளறவேண்டும். அடுக்கி வையுங்கள் என்று நானே தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். ஆனால் அடுக்குவதென்றால் வேலையைப் பார்த்து அடுக்கவேண்டும். இவர் அழகைப் பார்த்து அடுக்கினார்.

ஒரு வாரம் வேறு எதையும் தொடவில்லை. கறுப்பு ஃபோம் வாங்கிவந்து, ஒவ்வொரு ஸ்பேனரையும் அதில் படுக்கவைத்து, சுற்றி வரைந்து, என் காய் நறுக்கும் கத்தியால் குழி வெட்டினார். பிறந்த குழந்தைக்குத் தொட்டில் கட்டுகிறவர்கூட அவ்வளவு பக்குவம் பார்க்கமாட்டார். இவர் எங்கள் பிள்ளைகளுக்குத் தொட்டில் கட்டியதே இல்லை, அது வேறு கதை. நட்டைக் கவ்வித் திருகுகிற சாக்கெட்களை மினுமினுப்பைப் பார்த்து வைத்தார். மின்னுவது முன்னால், மங்கியது பின்னால். நாங்கள் தினமும் எடுப்பது மங்கியதைத்தான். தினமும் எடுப்பதால்தானே மங்கியது! நீள சாக்கெட்கள் அந்த ஆழத்தில் நிற்கவில்லை. அதனால் நம்பர் அடிப்பக்கம் போகும்படி படுக்கவைத்தார். நீளமானதை அடி டிராயரில் போடச் சொன்னேன். இடமில்லை என்றார். திறந்து பார்த்தால், சாமான்கள் வந்த காலி அட்டைப்பெட்டிகள். அவற்றையும் ஒன்றுக்குள் ஒன்று செருகி, சீராக அடுக்கியிருந்தார்.

அந்தப் பெட்டிக்கு ஒரு வித்தை உண்டு. ஒரு டிராயர் திறந்திருந்தால் இன்னொன்று திறக்காது. கனம் தாங்காமல் முன்பக்கம் கவிழ்ந்துவிடக் கூடாதென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். இதை வந்தவர் போனவருக்கெல்லாம் இழுத்துக் காட்டினார். டீ கொண்டுவருகிறவருக்கும் காட்டினார். கையைத் துடைத்துவிட்டுத்தான் டிராயரைத் தொடவேண்டும் என்று எங்கள் மெக்கானிக்குக்கு உத்தரவு வேறு. மெக்கானிக் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

மாமாவின் ரிக் ஒன்று வடக்கே கிளம்பவேண்டிய சமயம் அது. போனால் மாசக்கணக்கில் திரும்பாது. பின்பக்கத்துப் பட்டைகளை அச்சோடு சேர்த்துப் பிடிக்கும் யு-போல்ட்களை மாற்றவேண்டியிருந்தது. வெள்ளிக்கிழமை ராகு காலத்துக்கு முன்னால் வண்டி எங்கள் வாசலைத் தாண்டியாக வேண்டும் என்று முதல்நாளே போன் செய்தார்.

“நீ சொன்னீன்னா நம்பிக்கறேன் அம்மிணி” என்றார்.

முடித்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலையில் பழைய போல்ட்களை அறுத்தெடுத்து, புதியவற்றைப் பூட்டியாயிற்று. இறுக்குவதுதான் பாக்கி. யு-போல்ட்டின் கால் நட்டைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குட்டை சாக்கெட் ஏறாது, நீளமானதுதான் வேண்டும். அது மேல் டிராயரில் இருந்தது. மெக்கானிக் இழுத்தார். ஒரு விரலளவு வந்து நின்றுகொண்டது. வெளியேயும் வரவில்லை, உள்ளேயும் போகவில்லை. ஒன்று திறந்துவிட்டது என்று பெட்டி நினைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டது. பட்டறைச் சாமான் மொத்தமும் உள்ளே, நாங்கள் வெளியே.

மாமா நாற்காலியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெம்புங்கள் என்றேன். என் கணவர் பெட்டியைத் தடவிக்கொடுத்து, மெதுவாக, பெயிண்ட் போய்விடும் என்றார். பெயிண்ட்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, பெட்டியோடு சேர்த்து அவரையும் பழைய இரும்புக்குப் போட்டிருப்பேன்.

பக்கத்தில் டிரெய்லர் கட்டுகிற பட்டறை ஒன்று உண்டு. அவர்களுக்கும் எங்களுக்கும் ஆகாது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய், நீள சாக்கெட்டும் அதன் கைப்பிடியும் வேண்டும் என்று நின்றேன். உங்கள் பொட்டியில் இல்லாத சாமானா என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுக் கொடுத்தார்கள். மானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வாங்கிவந்தேன். கைப்பிடியில் நீளப் பைப்பைச் செருகி மெக்கானிக் இறுக்க, நானும் சேர்ந்து தொங்கினேன். முடிந்தது. ஜாக்கி இறங்கியது. ராகு காலத்துக்கு இன்னும் நேரமிருந்தது.

மாமா எழுந்துவந்து பட்டையைத் தட்டிப் பார்த்தார். “உங்கப்பனாட்டவே வேல பாக்கற சாமி” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முகத்தைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

டிரைவர் கற்பூரம் கொளுத்தி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழங்களை வைத்துவிட்டு, ஏறி எஞ்சினைப் போட்டார். அந்த நேரம் பார்த்து உள்ளே டமார் என்று சத்தம். பெயிண்ட் கவலை தீர்ந்துபோய், என் கணவர் கடப்பாரையை விட்டிருந்தார். டிராயர் முழுசாகப் பிடுங்கிக்கொண்டு வந்து, சாக்கெட்கள் தரையெல்லாம் உருண்டன. ஃபோமின் பின்மூலையில், பிழிந்து சப்பையாகிப்போன எலுமிச்சம்பழம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

பெட்டிக்குக் கண் பட்டுவிடக் கூடாதாம். கோயிலில் மந்திரித்து வாங்கி, சாக்கெட்களுக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிறார். இட்லித் தட்டு ஆழமுள்ள டிராயரில் முழு எலுமிச்சம்பழம்! யாரோ வேகமாக மூடியபோது உருண்டு, பின்னாலிருக்கும் குறுக்குப் பட்டியில் மாட்டி நசுங்கியிருக்கிறது. சாறு பட்ட சாக்கெட்கள் வெளுத்திருந்தன.

மாமா எட்டிப் பார்த்தார். சிரிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கழற்றினார்.

எஞ்சினை அணைக்கச் சொல்லி டிரைவருக்குக் கையைக் காட்டினார். “சக்கரத்துல நசுங்கவேண்டிய பழம், வண்டி நகர்றதுக்கு மிந்தியே நசுங்கிக் கெடக்குது. ஆத்தா இன்னைக்குப் போவேண்டாங்கறா.”

டிராயர் ஆழம் போதாமல் நசுங்கியது மாமா, வேறொன்றுமில்லை என்று நான் விளக்கிச் சொன்னேன். அது அவர் காதில் ஏறவே இல்லை. யார் வைத்தது என்று கேட்டார்.

என் கணவர் கடப்பாரையை மெல்ல ஓரமாகச் சாய்த்தார். “நாந்தானுங் மாமா. என்னமோ மனசுல பட்டுது, வெச்சேன்.”

மனசில் பட்டதாம்! சோற்றில் உப்பில்லை என்பதையே நான் சொன்னால்தான் தெரிந்துகொள்கிற மனுஷன். மாமா அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கைகளில் சொட்டு கிரீஸ் இல்லை.

ரிக் அடுத்த வாரம் வேறொரு நல்ல நாளில் போயிற்று. போட்ட இடத்திலெல்லாம் தண்ணீர் பீறிட்டதாம். பூமிக்கடியில் தண்ணீர் இருந்தது, அதனால் வந்தது என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? என் கணவர் டிராயரை நெளிவெடுத்து ஒக்கிட்டு, குழியெல்லாம் புதிதாக வெட்டி, இந்த முறை எலுமிச்சம்பழத்துக்கும் ஒரு குழி வெட்டினார்.

சில மாதம் கழித்து ரிக் ஊர் திரும்பியது. மாமா போன் எதுவும் செய்யாமல் நேராகப் பட்டறைக்கே வந்தார். நான் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். நல்லாயிருக்கிறாயா சாமி என்று பாசமாகத்தான் விசாரித்தார். வண்டி எப்படி ஓடியது, பட்டையில் மறுபடி சத்தம் வந்ததா என்று கேட்டேன். அவர் என் தோளுக்கு மேலே பார்த்தார்.

“மாப்ள உள்ள இருக்காருல்ல? வண்டியப் பத்திக் கொஞ்சம் பேசோணும்.”

“இருக்காருங் மாமா” என்று சொல்லி வழிவிட்டேன்.