முப்பது லிட்டர்க் கோடு

ஒவிதியோ ஸோர்சோனிடம் மணி என்ன என்று கேட்டால்கூட, "எதுக்குக் கேக்கறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் கடிகாரத்தைப் பார்ப்பார். சாந்தோ தொமே ஊரில் அவரைத் தெரிந்த எல்லோருக்கும் இது பழகிப்போன விஷயம். ரொட்டிக்கடைக்காரர் ஒரு பிஸ்கட்டை அதிகமாகப் போட்டுக் கொடுத்தால், பழையதைத் தள்ளிவிடுகிறான் என்று அதை முகர்ந்து பார்க்கிற மனிதர் அவர். மனைவி சுலேமா முப்பத்தி நான்கு வருடமாக அந்த மூக்கோடு குடும்பம் நடத்துகிறாள்.

வீட்டுக்குப் பின்னால் பட்டறை. அச்சுக்குள் பிளாஸ்டிக் மாவைக் கொட்டி, இறுக்கி மூடி, எரிவாயு அடுப்புக்குள் சுழலவிட்டுச் சுட்டு, ஆறவைத்துப் பிரித்து எடுக்கிற தொழில். ஆரம்பத்தில் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகள்தான் செய்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாந்தா ஃபேயில் வீட்டுக்கு வீடு பியர் காய்ச்ச ஆரம்பித்ததும், பதினோரு வருடத்துக்கு முன்னால், பியர் புளிக்கவைக்கும் கூம்புத் தொட்டிக்கு மாறினார். அடி கூம்பாக இருந்தால்தான் வேலை முடிந்த ஈஸ்ட் சரிந்து கீழே சேரும், வால்வைத் திறந்து வடித்துவிடலாம். தட்டையான வாளியில் காய்ச்சி வயிறு கெட்டவர்கள் எல்லாம் அவரிடம் வந்தார்கள்.

வந்தவர்கள் சும்மா வாங்கிக்கொண்டு போகிற ஜாதி இல்லை. தலையை உள்ளே விட்டு முகர்வார்கள். பழைய பிளாஸ்டிக்கை உருக்கிக் கலந்திருக்கிறதா என்று விளக்கடித்துக் கரும்புள்ளி தேடுவார்கள். கீறல் இருந்தால் அதில் கிருமி குடியேறும் என்று விரலால் தடவுவார்கள். இதெல்லாம் நியாயமான சந்தேகங்கள், ஒவிதியோவுக்கும் பிடிக்கும். ஆனால் கூம்பின் சரிவு எத்தனை டிகிரி என்று யாராவது கேட்டுவிட்டால் போதும். கேட்டவன் உளவாளி.

"எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதான் அண்ணே, தெரிஞ்சுக்கலாம்னு."

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க? படுத்துப் பாக்கப் போறீங்களா?"

இவ்வளவு பேச்சு வாங்கிக்கொண்டும் ஜனங்கள் அவரிடமே வந்ததற்கு ஒரே காரணம் பிரிட்ஜ். சாந்தா ஃபே வெயிலில் தொட்டியை வெளியே வைத்தால் பியர் கெட்டுப்போகும். அதனால் எல்லோரும் ஒரு பழைய பிரிட்ஜைத் தேடிப் பிடித்து, தட்டுகளைப் பிடுங்கிவிட்டுத் தொட்டியை உள்ளே வைப்பார்கள். மற்றவர்களின் கூம்பை வைத்தால் கதவு மூடாது. ஒவிதியோவின் கூம்பு அளவெடுத்துத் தைத்ததுபோல உட்காரும். "என் மச்சான் தினோ போட்ட கணக்கு" என்பார் பெருமையாக. சுலேமாவின் தம்பி தினோவுக்கு ரொசாரியோவில் அலுமினிய வார்ப்புப் பட்டறை இருந்தது. அச்சைச் செய்து கொடுத்தவன் அவன்தான். ஒவிதியோ உலகத்தில் சந்தேகப்படாத ஒரே ஆள் தினோ.

ஒரு சின்னத் தொந்தரவு மட்டும் இருந்தது. தொட்டியின் சுவரில் லிட்டர்க் கோடுகள் அச்சிலேயே பதிந்து வரும். "அண்ணே, முப்பது லிட்டர்க் கோடு வரைக்கும் ஊத்தினா இருபத்தெட்டுகூட வரமாட்டேங்குது" என்று வருடத்துக்கு நாலு பேராவது சொல்வார்கள். "உங்க ஜாடியைப் போய்ப் பாருங்க" என்பார் ஒவிதியோ. நாலு பேரையும் எவனோ அனுப்பிவைக்கிறான் என்பது அவருடைய முடிவு.

அப்படித்தான் ஒன்பது வருடத்துக்கு முன்னால் சாம்பல் நிறத் தொப்பி போட்ட ஒரு ஆள் வந்தார். எதையும் முகரவில்லை, தடவவில்லை. தொட்டியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "இந்த அச்சை எங்க செஞ்சீங்க?" என்று மட்டும் கேட்டார். சட்டைப்பையில் அளவு நாடா எட்டிப் பார்த்தது. ஒவிதியோவுக்கு அது போதும்.

"யோவ், யாருய்யா உன்னை அனுப்பினது? நடையைக் கட்டு!"

"ஒரு வார்த்தை பேசலாம்னுதான்..."

"பேச்செல்லாம் கேட்டுக்கு அந்தப் பக்கம்!"

அந்த ஆள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார். அந்தக் கதையை ஒவிதியோ வருடக்கணக்காகச் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இந்த வருடம் செப்டம்பரில், பியர் காய்ச்சுவோர் சங்கத்தின் செல்போன் குழுவில் ஒரு படம் வந்தது. எஸ்பெரான்ஸா ஊரில் ரெய்னால்தோ எக்கெல் என்பவர் செய்த கூம்பு என்று எழுதியிருந்தது. ஒவிதியோ படத்தைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். கைப்பிடிக்குக் கீழே, இடது பக்கம், ஒரு பருப்பு அளவுக்குப் புடைப்பு. அவருடைய ஒவ்வொரு தொட்டியிலும் அதே இடத்தில் அதே புடைப்பு உண்டு. அச்சில் இருக்கிற சிறு குழியால் வருவது. "என் மச்சம்" என்பார் அதை.

"சுலேமா! திருடன் மாட்டினான்!"

அரைமணி நேரத்தில் குழுவில் எழுதிவிட்டார்: "என் அச்சைக் களவாடியவர் எக்கெல். அக்டோபர் முதல் சனிக்கிழமை சங்கத்து விருந்தில் எல்லோர் முன்னாலும் நிரூபிப்பேன். முடியாவிட்டால் கடையை மூடுகிறேன்."

நிரூபிக்க வழி அவருக்குத் தெரியும். பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். ஒருவன் செய்த தொட்டியை வைத்தே இன்னொருவன் அச்சு எடுத்தால், அதில் வருகிற தொட்டி முதலாவதைவிடச் சிறியதாகத்தான் வரும். எக்கெலின் தொட்டியை வாங்கி, தன்னுடையதோடு நிறுத்தி, நாடாவைப் பிடித்தால் முடிந்தது. ஆனால் தானே போனால் ஆள் உஷாராகிவிடுவான். சுலேமாவை பஸ் ஏற்றி அனுப்பினார்.

அவள் சாயங்காலம் தொட்டியோடு வந்து இறங்கினாள்.

"என்ன கேட்டான்?"

"ஒண்ணும் கேக்கல. மாத்தே டீ போட்டுக் குடுத்தார். பஸ் வரைக்கும் அவரே தூக்கிட்டு வந்தார். வால்வை மாசம் ஒருதடவை கழட்டிக் கழுவச் சொன்னார், உள்ளதான் அழுக்கு தங்குமாம். நல்ல மனுஷன்யா."

"ஒண்ணுமே கேக்கலியா? அப்ப ஏதோ இருக்கு."

"உனக்குக் கேட்டாலும் குத்தம், கேக்கலைன்னாலும் குத்தம்."

பட்டறையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். புடைப்பு அச்சு அசலாக இருந்தது. கையைத் தேய்த்துக்கொண்டு நாடாவை எடுத்தார். தன்னுடைய தொட்டியின் உயரம் அறுபத்தெட்டு சென்டிமீட்டர். எக்கெலுடையது எழுபது.

நாடா பழசு என்று தோன்றியது. சுலேமாவின் தையல் நாடாவை எடுத்து வந்தார். அறுபத்தெட்டு, எழுபது. குறுக்கே அளந்தால் எக்கெலுடையது ஒரு சென்டிமீட்டர் கூடுதல் அகலம். தரை சரிவோ என்று இரண்டையும் இடம் மாற்றி வைத்தார். தரை சரிவானால் அகலம் ஏன் மாறுகிறது என்று அவருக்கே தெரியவில்லை.

கடைசியில் தண்ணீர் பிடித்தார். எக்கெலின் தொட்டியில் முப்பது லிட்டர் ஊற்றினார். தண்ணீர் முப்பதாவது கோட்டில் போய் நின்றது, ஒரு மயிரிழை கூடவில்லை, குறையவில்லை. தன்னுடைய தொட்டியில் அதே ஜாடியால் ஊற்றினார். இருபத்தேழு லிட்டரும் கொஞ்சமும் ஊற்றியதுமே கோட்டைத் தொட்டுவிட்டது. மிச்சத் தண்ணீரோடு ஜாடி கையில் இருந்தது.

பெரியதைப் பார்த்து எடுத்தால்தான் சின்னது வரும். சின்னது அவருடையது. கோடும் அப்படியே பிரதியாகி, சுருங்கி, பதினோரு வருடமாகப் பொய் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. அவர் விரட்டியடித்த அத்தனை பேருடைய ஜாடியும் சரியான ஜாடிதான். பிரிட்ஜில் கச்சிதமாக உட்கார்ந்ததும் கணக்கால் அல்ல, சுருங்கியதால். ஒவிதியோ கவிழ்த்துவைத்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவமானத்தில் காது சுட்டது.

தினோவுக்குப் போன் போட்டார்.

"டேய், அந்தக் கூம்பு அச்சு, அதை எதைப் பாத்துடா வார்த்தே?"

"எந்த... ஓ, அதுவா? எஸ்பெரான்ஸா சந்தையில ஒரு தொட்டி வாங்கினேன் மாமா, அதை மணல்ல அமுக்கி எடுத்தேன். நல்லாத்தானே ஓடுது?"

"கணக்குப் போட்டேன்னு சொன்னியேடா, பிரிட்ஜுக்குன்னு!"

"அது நீங்களா சொன்னது மாமா. அது என்னமோ பிரிட்ஜுக்குள்ள போகுதுன்னு நீங்க சொன்னீங்க, நான் ஆமான்னேன். எங்கேருந்து வந்துதுன்னு நீங்க ஒருநாளும் கேக்கலியே."

உண்மைதான். ரொட்டிக்கடைக்காரரிடம், தபால்காரரிடம், கோயில் பாதிரியாரிடம்கூடக் கேட்ட கேள்வியை அவர் அவனிடம் மட்டும் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலை சுலேமா பட்டறைக்கு வந்தபோது ஒவிதியோ எக்கெலின் தொட்டி முன்னால் கத்தியோடு குத்துக்காலிட்டு இருந்தார். அந்தப் பருப்பைச் சீவிவிட்டால் தீர்ந்தது. மச்சம் இல்லை, வழக்கும் இல்லை, ஏதோ தவறாகப் பார்த்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"சீவப் போறியா?" என்றாள்.

"அவன்கிட்ட இன்னும் தொட்டி இருக்கும். படம் வேற எடுத்து வெச்சிருப்பான்."

கத்தியை மடக்கிப் பையில் போட்டார். நேர்மை அவரைத் தடுத்தது என்று சொல்ல எனக்கும் ஆசைதான். தடுத்தது சந்தேகம்.

"உனக்குக் காய்ச்சல்னு சொல்லிடவா?"

"நம்பமாட்டாங்க. நானா இருந்தா நம்பமாட்டேன்."

சனிக்கிழமை மதியம் சங்கத்து முற்றத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். அடுப்புக் கம்பியில் மாட்டு விலாவும் சொரிசோ இறைச்சிக் குழல்களும் பொரிந்துகொண்டிருந்தன. மேஜைமேல் இரண்டு தொட்டிகள். ஒருவன் கை தட்டினான், "அண்ணே, தூக்குக் கயிறு கொண்டாந்தாச்சா?" என்று. எல்லோரும் சிரித்தார்கள். ஒவிதியோ ஜாடியால் தண்ணீர் அளந்து ஊற்றினார், ஒன்றில், பிறகு மற்றதில். காய்ச்சுகிறவர்களுக்குக் கோட்டைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டாம். இரண்டாவது தொட்டி பாதியில் இருக்கும்போதே சிரிப்பு நின்றுவிட்டது.

"சின்னது என்னோடது," என்றார். "திருட்டு அச்சு என்கிட்டதான் இருக்கு. எக்கெல் மேல நான் சொன்னதெல்லாம் பொய். உங்க ஜாடிங்க மேல சொன்னதும் பொய். சொன்னபடி கடையை மூட வேண்டியவன் நான்தான்."

விலாக்கறியைத் திருப்பிக்கொண்டிருந்தவன்கூடக் கையை நிறுத்திவிட்டான். கடைசி பெஞ்சில் இருந்து ஒருவர் எழுந்து, கையில் லிசோ என்கிற சின்ன பியர் கிளாஸோடு மெதுவாக மேஜைக்கு வந்தார். சாம்பல் நிறத் தொப்பி. ஒவிதியோவுக்கு முகம் உடனே அடையாளம் தெரிந்தது.

"எக்கெல்," என்று தன்னைச் சொல்லிக்கொண்டார் அவர். "எனக்கு ஒன்பது வருஷமாத் தெரியும்."

"தெரிஞ்சு ஏன் சும்மா இருந்தீங்க?"

"என் தொட்டி என் பிரிட்ஜுலயே போகமாட்டேங்குது. பொண்ணு உங்களோடதை வாங்கிக் குடுத்தா. பாத்தேன், என் மச்சம் இருந்துது. சண்டைக்குத்தான் போகணும்னு நெனச்சேன். அப்புறம் வெச்சுப் பாத்தா கதவு மூடுது. இன்னிக்கு வரைக்கும் நான் பியர் ஊத்தறது உங்க தொட்டியிலதான்." கிளாஸைத் தூக்கிக் காட்டினார். "இதுவும் அதுல வந்ததுதான்."

முற்றத்தில் யாரோ குபீரென்று சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள்.

"அப்ப அன்னிக்கு எதுக்கு வந்தீங்க?"

"சேந்து செய்யலாமான்னு கேக்க வந்தேன். என் அடுப்பு சின்னது, மாசத்துக்கு நாலு வரும். உங்களுது பெரிசு. கோட்டைத் திருத்தி, வால்வை மாத்தி, ரெண்டு பேரும் ஒண்ணாப் போட்டிருந்தா..." எக்கெல் தோளைக் குலுக்கினார். "நீங்கதான் கேட்டுக்கு அந்தப் பக்கம் பேசச் சொன்னீங்க."

ஒன்பது வருடம். ஒவிதியோவுக்கு அந்த நாள் முழுக்க நினைவுக்கு வந்தது. அந்தத் தொப்பி, நாடா, ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்த சிரிப்பு. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பெரியதாக ஒரு ஆசையும் வந்தது, அதை மறைக்கவும் தெரியவில்லை.

"இப்பவும் சேரலாமா?" என்று கேட்டார்.

எக்கெல் கிளாஸை மேஜைமேல் வைத்தார். சிறிய தொட்டியைப் பார்த்தார், பெரிய தொட்டியைப் பார்த்தார், பிறகு ஒவிதியோவின் முகத்தைப் பார்த்தார்.

"எதுக்குக் கேக்கறீங்க?" என்றார்.

நாற்பது பேரும் ஒவிதியோவைத் திரும்பிப் பார்த்தார்கள். இந்தக் கேள்விக்கு நல்லவன் என்ன பதில் சொல்வான் என்று அவர் யோசித்துப் பார்த்தார். எத்தனையோ பேர் அவரிடம் பதில் சொல்லியிருக்கிறார்கள், அதில் ஒன்றைக்கூட அவர் காதில் வாங்கியிருக்கவில்லை.