ஒருசந்தி என்று சொன்ன பொய்

தவக்காலம் எனக்கு வசதியாகப் போயிற்று. ஒருவேளை மட்டும் உண்ணும் ஒருசந்தி என்று வீட்டில் சொல்லிவிட்டு, உடம்பைக் குறைக்கப் பட்டினி கிடந்தேன். முதலில் இறங்கிய தராசு முள் பிறகு அசையவே இல்லை. ஆத்திரத்தில் அந்த ஒருவேளைச் சோற்றையும் விட்டேன்.

வெள்ளிக்கிழமை, கொட்டாஞ்சேனைக் கோவிலில் சிலுவைப்பாதை வழிபாடு. முழந்தாளிட்ட என்னால் எழும்ப முடியவில்லை. கண் இருட்டியது, நெஞ்சு தாறுமாறாக அடித்தது. பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத அன்ரி என் கையை இறுக்கிப் பிடித்தார்.

“பிள்ளை, கடைசியா எப்ப சாப்பிட்டனீங்கள்?”

“ஒருசந்தி, அன்ரி.”

“ஒருசந்தி எண்டாலும் ஒருநேரம் வடிவாச் சாப்பிடோணும்!”

மறுநாள், மெலியத்தான் பட்டினி கிடந்தேன் என்று கேட்டு டொக்டரும் திட்டினார். “சாப்பாடு காணாட்டி உடம்பு இருக்கிறதைச் செலவழிக்காமப் பிடிச்சு வைக்கும்.”

மூன்று வேளையும் அளவாகச் சாப்பிட்டேன். உயிர்த்த ஞாயிறு கழிய முள் மெல்ல இறங்கியது.

விரதத்தில் மயங்கிய பிள்ளை என்று நம்பி, அந்த அன்ரி எனக்காகச் செபித்திருப்பார். அதை நினைத்தால்தான் இன்றும் கூசுகிறது.