சித்திரைக்கனித் தட்டின் ஐந்து ரூபாய்

மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி போகாது என்பார் என் வீட்டுக்காரர். அதனாலோ என்னவோ, நாணயம் சேர்க்கிறவர்களின் சங்கத்தில் சேர்ந்ததும் என் கண் போனது அரிய நாணயங்கள்மேல் அல்ல. முலாம் பூசியது, வருடத்தைச் சுரண்டி மாற்றியது, இரண்டை ஒட்டி ஒன்றாக்கியது என்று கைவைத்த நாணயங்களாகத் தேடித் தேடிப் பார்த்தேன்.

செகந்திராபாத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் சங்கம் கண்காட்சி வைத்தபோது, ஏமாறாமல் இருப்பது எப்படி என்று விளக்க எனக்கு ஒரு மேசை கொடுத்தார்கள். முலாமுக்கு ஒரு மாதிரி வேண்டுமே! பூஜை அலமாரியில் இருந்த தங்க நிற ஐந்து ரூபாயைக் கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

அது என் வீட்டுக்காரர் செய்தது. கல்யாணமாகி செகந்திராபாத் பக்கம் ஏ.எஸ்.ராவ் நகருக்கு வந்த முதல் வருடம், சித்திரை முதல் நாள் கண் விழித்ததும் பார்க்கிற சித்திரைக்கனித் தட்டில் வைக்கத் தங்கம் இல்லை. தாலிக்கொடியைத் தவிர நகையெல்லாம் கோயம்புத்தூர் லாக்கரில். ஒரு வாரம் புலம்பித் தீர்த்தேன். அவர் ஒரு தொழிற்சாலையில் முலாம் பூசும் பிரிவில் இன்ஜினியர். தெரிந்த பட்டறையில் உட்கார்ந்து ஒரு ஐந்து ரூபாய்க்குத் தங்க முலாம் பூசிக் கொண்டுவந்து தட்டில் வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அப்படித்தான்.

கண்காட்சிக்கு வந்த உருதுக்காரப் பெரியவர் ஒருவர் அதை எடுத்துக்கொண்டு கீழே வைக்கவே மாட்டேன் என்றார். அரசாங்கம் ரகசியமாக அடித்த தங்க நாணயமாம். தராசில் வைத்துக் காட்டினேன். தங்கமாக இருந்தால் இரண்டு மடங்குக்கு மேல் கனக்கும். இது சாதாரண ஐந்து ரூபாயைவிடத் துளிதான் கூடுதல். லென்ஸில் காட்டினேன். முலாம் ஏறியதால் எழுத்தின் ஓரம் மழுங்கியிருந்தது. அவர் நம்பவில்லை. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது.

"இதுக்குப் பைசா மதிப்பு கிடையாது!" என்று இந்தியில் கத்திவிட்டு நிமிர்ந்தால், அவருக்குப் பின்னால் சாப்பாட்டுப் பையோடு என் வீட்டுக்காரர்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எப்போதுமே தெரியாது.

பெரியவர் நிதானமாக ஒரு ஐந்து ரூபாய் நோட்டை நீட்டினார். மதிப்பே இல்லையென்றால் இதற்குக் கொடுத்துவிடேன் என்றார். நியாயம்தான்.

"நக்கோ சாச்சா, வேண்டாம்" என்று பிடுங்காத குறையாக வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். பெரியவர் என்னைப் பார்த்தார், என் வீட்டுக்காரரைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போனார்.

"ஏனுங்க, கோவமாங்க?" என்றேன்.

"எதுக்கு?" முந்தானை முடிச்சை அவிழ்க்கச் சொல்லி, லென்ஸை வாங்கிப் பார்த்தார். "சிங்கத்தோட மூக்குலகூட முலாம் தேயலை பாரு. அடியில நிக்கல் பூசினாத்தான் தங்கம் நிக்கும்."

சாயங்காலம் ஸ்கூட்டரில் திரும்பும்போது அவராகவே பேசினார். "அந்தப் பெரியவருக்குக் குடுத்திருக்கலாமில்ல? நான் வேற ஒண்ணு பண்ணித் தந்திருப்பேன்."

"வேற ஒண்ணு இதாகுமாங்க?"

பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு முகம் தெரியவில்லை. மெட்டுகுடா தாண்டும்வரை சிரிப்பில் தோள் மட்டும் குலுங்கிக்கொண்டே இருந்தது.