மூடி போட்ட கண்மாய்

நானும் என் தோழியும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். அவள் பாலவநத்தத்திலும் நான் அருப்புக்கோட்டையிலும் வீட்டில் உட்கார்ந்தே கணினி வேலை பார்க்கிறோம். திருச்சுழிப் பக்கம் ஒன்று நிறைந்து அடுத்ததற்குத் தண்ணீர் இறங்கும் கண்மாய்கள் வரிசையாக உண்டு. மழை பெய்தால் எந்தக் கண்மாய் எப்போது நிறையும் என்று கணினியில் ஓட்டிப் பார்க்கும் வேலை எங்களிடம் வந்தது.

மழை பெய்வதைக் கணக்கிட்டுக் காட்டும் கணினி மாதிரியை யாரோ வெளியூர்க்காரர்கள் ஏற்கெனவே எழுதியிருந்தார்கள். கண்மாய்க்கான மாதிரியை அவள் எழுதினாள். ஒன்று சொல்வது மற்றதற்குப் புரிய வேண்டுமே, அதற்குத்தான் ஆன்டாலஜி. கணினிக்காக எழுதிய அகராதி என்று வைத்துக்கொள்ளலாம். எந்தப் பொருள் எந்த வகை, எதற்கு எதனோடு என்ன உறவு என்றெல்லாம் அதில் இருக்கும். இணையத்தில் பொதுவில் கிடந்த ஒன்றை எடுத்து, இரண்டு மாதிரிகளையும் நான் கோத்தேன்.

அங்கே ஒரு ஊர்ச் சமுதாயக் கூடத்தில் அந்தக் கண்மாய்களை நம்பிய விவசாயிகளைக் கூட்டி, சுவரில் படம் காட்டினோம். மழை கொட்டியது. ஓடைகள் ததும்பின. கண்மாய்க் கரைவரை வந்த தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது.

முன்வரிசையில் இருந்தவர் எழுந்தார். "ஏந்தாயி, மழை இந்தப் போடு போடுது. கண்மாயில சொட்டுத் தண்ணியக் காணோமே?"

கூடம் சிரித்தது.

"ஏண்டி, என்னத்தக் கோத்து வச்ச?" என்று தோழி காதருகே கேட்டாள்.

"இரு, அதுக்கிட்டயே கேப்போம்" என்றேன்.

இந்த வகை அகராதியில் அது ஒரு வசதி. ஒரு முடிவுக்கு ஏன் வந்தாய் என்று கேட்டால் காரணம் சொல்லும். கேட்டேன். அது சொன்னது இதுதான்: கண்மாய் என்பது டேங்க். டேங்க் என்பது மூடிய கலம். மூடிய கலத்துக்குள் குழாய் வழியாகத்தான் தண்ணீர் போகும்.

ஆங்கிலத்தில் கண்மாய்க்கும் டேங்க் என்றுதான் பெயர். நான் எடுத்த அகராதியோ தொழிற்சாலைகளுக்காக எழுதியது. அது சொன்ன காரணத்தை அப்படியே தமிழில் கூடத்துக்கு வாசித்துக் காட்டினேன்.

"அம்புட்டுப் பெரிய மூடிய எங்க செஞ்சீக?" என்று பின்னாலிருந்து ஒரு அம்மா கேட்டதும், தோழி மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தாள்.

அங்கேயே உட்கார்ந்து, கண்மாயைத் தனி வகையாக எழுதினேன். மேலே திறந்தது. வரத்துக்காலில் தண்ணீர் வரும். மடை வழியாக வயலுக்குப் போகும். நிறைந்தால் கலுங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு இறங்கும். மறுபடி ஓட்டினோம். படத்தில் முதல் கண்மாய் நிறைந்து நீலமானது, பிறகு அடுத்தது. கைதட்டல் அடங்குவதற்குள் கடைசிக் கண்மாய் ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

"எங்களுக்கு மட்டும் ஏன் இம்புட்டு லேட்டா வருது?"

"மழையக் கூட்டி விடுறோம், பாருங்கண்ணே" என்றாள் தோழி. கூட்டினாள். அவர்கள் கண்மாயும் நிறைந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

கண்மாய் என்ற வகையை இணையத்தில் பொதுவில் போட்டுவைத்தோம். சில வாரங்களில் இலங்கையிலிருந்து ஒரு பெண் எழுதினார், தங்கள் ஊர்க் குளங்களுக்கு அதைப் பயன்படுத்தலாமா என்று. தாராளமாக என்றோம். குளமும் கண்மாயும் ஒன்றா, வேறா என்று மூன்று பேரும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறோம்.