சாமி கடாவின் தாடி

கடாவின் முடியைக் கத்தரித்தபோது அப்பா இருந்தார், அக்கா இருந்தாள், நான் இருந்தேன். அம்மா இல்லை. நூறு நாள் வேலைக்கு ஏரிக்கரைக்குப் போயிருந்தார்.

கல்லூரி முடித்தும் எனக்கு வேலை அமையவில்லை. புதுச்சேரியில் தூண்டில் சாமான் விற்கும் கடைக்காரர் ஒருவர் பொய்மீன் கட்டித் தரச் சொல்லியிருந்தார். ஃப்ளை என்பார்கள். தூண்டில் முள்ளில் முடியைக் கட்டிச் சின்ன மீன் போலச் செய்வது. துருப்பிடிக்காத முள் என்பதால் கடலிலும் போடலாம், கோமுகி அணையிலும் போடலாம். வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். என் முதல் சம்பாத்தியம் அதுவாக இருக்கும். திங்கட்கிழமை சரக்கு போய்ச் சேராவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்கு.

தையல் மெஷின் பலகையின் ஓரத்தில் ஒரு பிடிப்பானை முடுக்கி, அதில் முள்ளைக் கவ்வவைப்பேன். நூலை நெருக்கமாகச் சுற்றி, முள்ளுக்குக் கீழே ஒரு சிட்டிகை வெள்ளை முடி, மேலே ஒரு சிட்டிகை. இரண்டு பக்கமும் ஜிகினா இழை. முதுகுக்குக் கொஞ்சம் கறுப்பு. முடி ஜாஸ்தியானால் தண்ணீரில் துடைப்பம் மாதிரி விறைத்து நிற்கும். கம்மியாக வைத்தால்தான் நெளியும். கடைசியில் பசை தடவிக் கண் ஒட்டுவது அக்காவின் வேலை.

“பி.இ. படிச்சவன் மீனுக்குச் சவுரி வச்சிக்கினு கெடக்கிறான்” என்பாள்.

சனிக்கிழமை வெள்ளை முடி தீர்ந்துவிட்டது. கடையில் கேட்டால், வர நாலு நாள் ஆகும் என்றார்கள். நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பா கொட்டகைப் பக்கம் பார்த்தார். அங்கே நின்ற வெள்ளைக் கடா, எனக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று அம்மா குலசாமிக்கு நேர்ந்துவிட்டது. ஆடியில் வெட்டவேண்டும்.

“சாமி கடாப்பா.”

“காது அறுந்தா ஊனம், காலு ஒடிஞ்சா ஊனம். மயிரு இன்னாடா? தானா வளந்துடும். புடி காலை.”

பிடித்தேன். தாடி, வால், தொடையின் பின்புறம். அக்கா ஷாம்பு போட்டு அலசினாள். வாடை போகவில்லை.

சாயங்காலம் அம்மா வந்து மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் கடாவைப் பார்த்தார்.

“எதுக்கு நேந்துக்கினேன்னு தெரியுமில்ல?”

“அவன் வேலைக்குத்தான? இதுவும் வேலைதான?” என்றார் அப்பா.

அம்மா சோறு போட்டார்.

சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறாயிரம் வந்தது. செல்போனில் மெசேஜைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். சந்தோஷமா என்று அக்கா கேட்டாள். தெரியவில்லை என்றேன்.

ஆடி பிறந்ததும், கோயிலில் பூசை வைக்கும் பெரியப்பா கடாவைப் பார்க்க வந்தார். முடி பாதிகூட வளரவில்லை. பொய்மீன் கதையைக் கேட்டுவிட்டு, கடாவின் மோவாயைத் தடவியபடி அப்பாவிடம் கேட்டார்.

“இன்னாடா தம்பி, மீனுக்கு வேண்டிக்கினு மொட்ட போட்டுட்டியா?”

அப்பா சிரித்தார். பெரியப்பா சிரிக்கவில்லை.

“முடி எறக்குறதே ஒரு காணிக்கை. அத்த வேற எங்கியோ குடுத்துட்ட. இந்தக் கடா செல்லாது.”

“அப்ப இத்த வித்துட்டு வேற வாங்கறேன்” என்றார் அப்பா.

“சாமி பேருல வுட்டத விப்பியா?”

அப்பா என்னைப் பார்த்தார். நான் கடாவைப் பார்த்தேன். அது தழை தின்றுகொண்டிருந்தது. எனக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. “முழு வெள்ளையாத்தான் பாக்கணும்” என்றார் அம்மா. அவ்வளவுதான் பேச்சு.

பழைய கடா கொட்டகையிலேயே நின்றது. சந்தையில் வேறொன்று கிடைத்தது. என் ஆறாயிரத்தையும் போட்டு, மீதிக்கு அப்பா கைமாற்று வாங்கினார். கடா விலையும் அதை ஏற்றிவந்த குட்டி யானை வண்டியின் வாடகையும் சேர்த்துப் பதினேழாயிரத்து எண்ணூறு ரூபாய்.