உள்ளே கைப்பிடி இல்லாத கார்

எங்கள் வீட்டில் கல்யாணமோ காதுகுத்தோ எது நடந்தாலும், பந்தி முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் யாராவது ஒருவர் சித்தப்பாவின் கார்க் கதவைப் பற்றி எடுத்துவிடுவார். உடனே சிரிப்புத் தொடங்கிவிடும். சொல்கிறவர் சித்தப்பாவைப் போலவே சட்டைப் பையைத் தட்டிக் காட்டுவார். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். "எம்புட்டு மூளை பாருங்க மனுசனுக்கு!" என்று மெச்சிக்கொள்வார்கள். எனக்கு மட்டும் வயிறு எரியும். சிரிக்கிற ஒருத்தரும் அன்றைக்கு அந்தக் காருக்குள் இல்லை. நான் இருந்தேன். அதனால் நடந்ததை நடந்தபடி நானே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறமும் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. எனக்கு எட்டு வயது இருக்கும். பேரையூரிலிருந்து நடந்து வரும் தூரத்தில், மானாவாரிக் காட்டுக்கு நடுவே எங்கள் ஊர். சித்தப்பா, அதாவது அப்பாவுக்குத் தம்பி, சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். மேலே மூடிய கார். ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவர்களுக்கும் நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு இருந்தது. துரைமார் பேசுவது டிரைவர் காதில் விழக் கூடாதாம். பின்பக்கத்து இடது கதவு, வாங்கிய புதிதிலேயே ஒரு பாரவண்டியில் மோதி நசுங்கிப்போய், கம்பி போட்டு இறுக்கிக் கட்டப்பட்டுவிட்டது. ஏற இறங்க வலது கதவு ஒன்றுதான் வழி. பக்கத்துக் கண்ணாடிகள் ஒரு சாண் இறங்கும், அதற்குமேல் இறங்காது. இத்தனை சீக்கு இருந்தாலும் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் கார். சித்தப்பாவைப் பிடிக்க முடியாது.

எனக்கு அந்தக் காரில் பிடித்தது வலது கதவின் உள்பக்கக் கைப்பிடி. பித்தளையில் செய்தது, நுனியில் வெள்ளை வெளேரென்று ஒரு குமிழ். கார் நிற்கும்போது ஏறி உட்கார்ந்து அதைத் திருகுவேன். கதவு தானாக விலகிக் கொடுக்கும். பெரியவர்கள் யாரும் நான் சொன்னதைக் கேட்டதில்லை, அந்தக் கதவு கேட்டது.

அந்த வருஷம் ஜில்லா போர்டுக்குத் தேர்தல் வந்தது. நின்றவரின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவருடைய பேரப்பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். பங்களாக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒரு தடவை போர்டில் இருந்தவர். சித்தப்பாவின் காரில்தான் ஊர் ஊராக ஓட்டுக் கேட்டுப் போனார். ஓர் ஊரில் மூக்குவரைக்கும் மாலை போட்டுக்கொண்டு இறங்கியவர், உடம்புப் பாரத்தையெல்லாம் வெளிக் கைப்பிடியில் போட்டுவிட்டார். உள்ளே இருந்த சதுரக் கம்பி முறிந்து, கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. அவரும் கையிலிருந்த கைப்பிடியை ஆட்டி ஆட்டியே கும்பிடு போட்டாராம். உள்பக்கக் கைப்பிடியும் அதே கம்பியில் கோத்ததுதான். அது கழன்று சீட்டில் விழுந்து கிடந்தது.

இந்த இடத்தில் அத்தையைச் சொல்ல வேண்டும். அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். இளவயதிலேயே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டோடு வந்திருந்தாள். ஆனால் யார் கையையும் எதிர்பார்த்து இருந்தவள் அல்ல. புருஷன் வழியில் வந்த நிலம் அவள் பேரில் இருந்தது. அவளே ஆள் வைத்துப் பயிரிட்டு, அவளே சர்க்காருக்கு நிலத் தீர்வை கட்டினாள். அந்தக் காலத்தில் எல்லாருக்கும் ஓட்டுக் கிடையாது, தீர்வை கட்டுகிறவர்களுக்குத்தான். எங்கள் ஊரில் ஓட்டு இருந்த ஒரே பெண்பிள்ளை அத்தை. ஊர் இளவட்டங்களுக்கு அது ஒரு வேடிக்கை. "பொம்பளைக்கும் ஓட்டாம்ல!" என்று அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். அத்தை கேட்காததுபோலப் போவாள்.

அத்தைக்கு ஒரு கணக்கு இருந்தது. எங்கள் ஊருக்கென்று போர்டு கொடுத்த குடிதண்ணீர்க் கிணறு, பங்களாக்காரர் போர்டில் இருந்தபோது அவருடைய தென்னந்தோப்புக்குள்ளேயே வெட்டப்பட்டுவிட்டது. தோப்புக்கு வேலி. வேலிக்கு ஒரு காவல்காரன். எங்கள் ஊர்ப் பெண்கள் வழக்கம்போல ஓடையில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மோந்து குடத்தை நிரப்பினார்கள்.

பங்களாக்காரருக்குப் பச்சைப் பெட்டி, எதிர்த்து நின்றவருக்குச் சிவப்புப் பெட்டி. யாருக்குப் போட நினைக்கிறோமோ அவர் பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். சித்தப்பாவுக்கு ரோட்டு காண்டிராக்ட் ஆசை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்தார்.

"அக்கா, நம்ம வீட்டு ஓட்டு அம்புட்டும் பச்சைக்குத்தான்னு அவரு கையில அடிச்சுச் சொல்லிட்டேன்."

"உன் ஓட்டுக்கு நீ கையடிச்சுக் குடு தம்பி. என் ஓட்டுக்கு நீ ஏன் கை நீட்டுனே? நம்ம ஊருக் கெணறு இன்னைக்கு யாரு தோப்புல கெடக்கு? நான் செவப்புலதான் போடுவேன்" என்றாள் அத்தை.

சித்தப்பா எழுந்து போனதும் அம்மா மெதுவாகச் சொன்னாள். "சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு, உள்ள போயி இஷ்டம்போலப் போட்டுட்டு வரவேண்டியதுதானே மதினி? யாரு பாக்கப்போறா?"

"கூடப் பெறந்தவன்கிட்ட எதுக்குடீ பொய்யி?"

அத்தை செய்த தப்பு இது ஒன்றுதான். பொய் சொல்லத் தெரியாமல் போனது.

அடுத்த சில நாளில் சித்தப்பா கதவைப் பழுது பார்க்க மதுரைக்குக் கிளம்பினார். வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டேன். தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பூட்டும் இரும்புப் பெட்டியும் செய்கிற ஒரு பாய் கடை. அவர் கைப்பிடிகளைப் புரட்டிப் பார்த்தார், கதவின் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"புதுக் கம்பி அடிச்சு, ரெண்டு கைப்பிடியையும் கோத்து ஆணி அறைஞ்சு தந்துர்றேன் அண்ணே. பெறகு ஆடாது" என்றார்.

"உள்ள கைப்பிடி வேணாம் பாய். அந்த ஓட்டையைத் தகடு வச்சு அடைச்சுருங்க. வெளிய உள்ளது மட்டும் போதும். அதுவும் சொருகுனா தெறக்கணும், இழுத்தா கையோட வந்துரணும்."

பாய் நிமிர்ந்து பார்த்தார். "ஏண்ணே, இது காரா, கஜானாவா?"

சித்தப்பா சிரித்துக்கொண்டே என் தலைமேல் கையை வைத்தார். "இந்தக் கழுதை சும்மா இருக்காது பாய். ஓடுற கார்ல திருகித் தெறந்து விழுந்து வச்சா யாரு பதில் சொல்றது?"

"பிள்ளைக்காகன்னா சரிதான்" என்று பாய் வேலையில் இறங்கிவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஓடுகிற காரில் நான் அதைத் தொட்டதே இல்லை. நான் திருகியதெல்லாம் நிற்கிற காரில். அதைப் பாயிடம் சொல்லப் போனால் சித்தப்பா என்னைப் பேசவிட்டால்தானே? சந்து முனையில் சர்பத் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தார். திரும்பி வரும்போது நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

ஊருக்கு வந்து வீட்டில் எல்லாரிடமும் அதையே சொன்னார். பிள்ளை விழுந்துவிடக் கூடாதே என்று உள்கைப்பிடியை எடுத்துவிட்டாராம். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்ல காரியம் பண்ணுனே தம்பி. பிள்ளைக்கு ஒண்ணுன்னா தாங்குமா?" என்றாள். எனக்கு அத்தையின் மேலேயும் கோபம். என் மேல் இல்லாத பழியைச் சொல்கிறவரைப் பாராட்டுகிறாளே என்று. இன்றைக்கு நினைத்தால் கோபம் அதற்கல்ல. ஒரு மனிதன் திருட்டுத்தனம் பண்ணுவான், சரி. அதற்கு ஒரு குழந்தையின் பேரைச் சொல்லி, யாருக்கு எதிராகப் பண்ணுகிறானோ அவள் வாயாலேயே பாராட்டும் வாங்கிக்கொள்வானா?

ஓட்டு நாள் வந்தது. பேரையூர்ப் பள்ளிக்கூடத்தில் ஓட்டு. அப்பாவும் மற்ற ஆண்களும் காலையிலேயே வண்டி கட்டிப் போனார்கள். அத்தையும் கிளம்பி நின்றாள். சித்தப்பா விடவில்லை. "ஆம்பளைக் கூட்டத்துல போயி ஏன்க்கா இடிபடணும்? மத்தியானத்துக்கு மேல கூட்டம் கொறைஞ்சுரும். நான் கார்ல கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

"நான் செவப்புலதான் போடுவேன் தம்பி" என்றாள் அத்தை, அப்போதும்.

"போடுங்க. அதுக்காக அக்காவை நடக்கவா விடுவேன்?"

வெளுத்து வந்த சேலையைக் கட்டிக்கொண்டு, என்னையும் கையில் பிடித்துக்கொண்டு அத்தை காரில் ஏறினாள். சிவப்புப் பெட்டியை எனக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்தாள். சித்தப்பா கதவைச் சாத்தி, கைப்பிடியைச் சுழற்றி உருவி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "துரைசானி மாதிரி சாஞ்சு உக்காருங்க அக்கா" என்றார். அத்தை வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

பாதி வழியில், சுற்றிலும் காடாக இருந்த இடத்தில், கார் நின்றது. சித்தப்பா இறங்கி முன்மூடியைத் திறந்து பார்த்தார்.

"தண்ணி வத்திருச்சுக்கா. ஓடையில எடுத்தாரேன்."

"கதவைத் தெறந்து விட்டுட்டுப் போ தம்பி, வேக்காடா இருக்கு."

"இந்தா, ஒரு நிமிசத்துல வாரேன்." தகர டின்னை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு சாண் இடைவெளியில் எவ்வளவு காற்று வரும்? காருக்குள் அவித்தெடுத்தது. எனக்குத் தண்ணீர்த் தாகம். அத்தை முந்தானையால் எனக்கு விசிறினாள், பிறகு இடைவெளியில் வாயை வைத்துத் தம்பி, தம்பி என்று கூப்பிட்டாள். பேரையூரிலிருந்து ஓட்டுப் போட்டவர்களின் வண்டிகள் திரும்பி வரத் தொடங்கின. எங்கள் ஊர் ஆள் ஒருவன் சத்தம் கேட்டு வண்டியை நிறுத்தி இறங்கி வந்தான். கதவைத் தடவிப் பார்த்தான்.

"பிடிக்க ஒண்ணும் இல்லையே ஆத்தா, ஓட்டைதான் இருக்கு."

"ஒரு கல்லை எடுத்துக் கண்ணாடியை ஒடைப்பா. நேரமாகுது. எனக்கு ஓட்டு இருக்கு."

"சின்னையா காரு ஆத்தா. நான் இந்த ஊர்ல பொழைக்க வேணாமா? இருங்க, அவுகளையே கூட்டியாரேன்."

ஓடைப் பக்கம் நடந்தான். நான் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடைக்கரைப் பனைகளுக்கு அருகில் அவன் நின்றான். அங்கே நிழலில் சித்தப்பா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் டின் கவிழ்ந்து கிடந்தது. சித்தப்பா ஏதோ சொன்னார். அந்த ஆள் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினான். திரும்பி வந்தவன் கார்ப் பக்கம் பார்க்காமலே வண்டியில் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டான்.

"அத்தை! சித்தப்பா அந்தா, பனை மரத்துக்கிட்ட உக்காந்திருக்காக! கூப்பிடுங்க!" என்று கத்தினேன்.

அத்தையும் பார்த்தாள். அதுவரைக்கும் தொண்டை கட்டக் கூப்பிட்டவள், ஆள் இருக்கிற இடம் தெரிந்ததும் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நிமிர்ந்து உட்கார்ந்து கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நாங்கள் இங்கே வேகும்போது சித்தப்பா நிழலில் உட்கார்ந்திருக்கிறாரே என்று எனக்குத்தான் கொதித்தது. நானே கத்தினேன். அத்தை என் வாயைப் பொத்தினாள்.

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பங்களாக்காரர் ஜெயித்தார், அதுவும் எக்கச்சக்கமாக. அத்தையின் ஓட்டுச் சிவப்பில் விழுந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. சித்தப்பாவுக்கு ரோட்டு வேலை கிடைத்தது. அந்த ரோட்டில் அவர் போட்டது கல்லா மண்ணா என்று முதல் மழையிலேயே தெரிந்துவிட்டது. கிணறு தோப்புக்குள்ளேயே இருந்தது. அப்பாவுக்கு விஷயம் தெரியாமல் இல்லை. "ஒரு ஓட்டுதானே, விடுங்கக்கா" என்று சொல்லி முடித்துவிட்டார். ஒரு ஓட்டுதான். அவளிடம் இருந்ததும் அந்த ஒன்றுதான்.

அன்றைக்கு வெயில் தாழ்ந்து, கடைசி வண்டிகளும் திரும்பிய பிறகு சித்தப்பா வந்தார். பையிலிருந்து கைப்பிடியை எடுத்துச் சொருகித் திருப்பினார். கதவு சத்தமில்லாமல் திறந்தது.

"ஓடை காஞ்சு கெடக்குக்கா. எங்கெங்கயோ அலைஞ்சு... அடடா, நேரம் போயிருச்சே. பெட்டியைக் கட்டியிருப்பாக. வாங்க, வீட்டுக்குப் போவோம்."

அத்தை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைத் தூக்கிக் கீழே இறக்கிவிட்டாள். தானும் இறங்கினாள். கசங்கிப்போன சேலையை உதறிச் சரி செய்துகொண்டாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினாள், பேரையூரைப் பார்த்து.

"அக்கா, முடிஞ்சுபோச்சுங்கிறேன்ல!" என்றார் சித்தப்பா. தண்ணீர் வற்றிய கார் தண்ணீர் ஊற்றாமலே கிளம்பி எங்கள் பின்னால் ஊர்ந்து வந்தது. கதவைச் சாத்தாமலே ஓட்டி வந்தார். "ஏறுங்கக்கா, பிள்ளை கால் நோகும்ல" என்று கெஞ்சுகிற மாதிரிச் சொன்னார்.

எனக்குக் கால் நொந்தது. நாக்கு வறண்டு கிடந்தது. அத்தைக்கு வெயிலில் புத்தி தடுமாறி வழி மறந்துவிட்டது என்று நினைத்தேன். "அத்தை, வீடு அந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"தெரியும், வா" என்றாள்.

கார் பக்கத்திலேயே வருகிறது, கதவும் திறந்திருக்கிறது, கூப்பிடுகிறவர் சொந்தத் தம்பி. இத்தனைக்குப் பிறகும் இந்தப் பொம்பளை பிடிவாதம் பிடித்து என்னை நடக்க வைக்கிறாளே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு நான் அத்தனை கோபப்பட்டது சித்தப்பாவிடம் அல்ல, அத்தையிடம்தான்.