பங்குனிக்குத் தள்ளிப்போன மொட்டை

மதியச் சாப்பாட்டு வேளையில், எங்கள் காலண்டர் கம்பெனியின் பைண்டிங் அக்கா தூக்குவாளியில் போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு, சீனாக்காரி ஒருத்தி கீரை வாங்குவதைப் பார்ப்பார். அரை நிமிட வீடியோதான். அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டு, வாயில் சோற்றோடு அவரும் சொல்லிப் பார்ப்பார். கீரை வாடியிருக்கிறது, விலையைக் குறை. மழை வருகிறது, துணியை எடு. சூடாக இருக்கிறது, ஊதிக் குடி. அக்காவின் சீன மொழி இப்படித்தான் தொடங்கியது. நாங்கள் கேலி செய்யாத நாள் கிடையாது. “சிவகாசிச் சந்தையில எந்தச் சீனாக்காரிகிட்ட பேரம் பேசப் போறீக?” என்று கேட்பேன். வயதாகிவிட்டதால் இப்போது அக்கா வேலைக்கு வருவதில்லை. சாப்பாட்டு நேரம் சப்பென்று இருக்கிறது.

அக்கா படித்ததற்குக் காரணம் இருந்தது. அச்சு இயந்திர வேலையாகச் சீனா போன மகன் அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். பேரனும் பிறந்துவிட்டான். மருமகள் போனில் பேசுவதை மகன்தான் தமிழில் சொல்வான். “அவ அம்புட்டு நேரம் பேசுதா, இவன் ‘நல்லாருக்காளாம்’னு ஒத்த வார்த்தையில முடிச்சிருதான். மிச்சத்த யாரு திங்கிறது?” என்பார் அக்கா.

பேரனுக்குத் தை கடைசி வெள்ளியில் இருக்கன்குடி மாரியம்மனுக்கு முடியிறக்குவதாக அக்கா நேர்ந்திருந்தார். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே மொட்டை போட வேண்டும்? மருமகளின் தம்பியும் கிளம்பி வருவதாக ஏற்பாடு. திடீரென்று மகன், “தை மாசம் வேண்டாங்கிறாம்மா, அவளுக்கு இஷ்டமில்ல” என்றான். ஏன் என்று கேட்டதற்கு மழுப்பினான். மறுநாள் அக்கா சோற்றைத் தொடவில்லை. நம் சாமியையும் பிடிக்கவில்லை, நம்மையும் பிடிக்கவில்லை, பேரனைக் கண்ணில் காட்டாமலே இருந்துவிடுவாள் என்று அழுதார். முகம் பார்த்திராத அந்தப் பெண் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அந்த வாரமே ஒரு வீடியோ வந்தது. முடிதிருத்துபவர் ஒருவர் ஆளில்லாத கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறார். அக்கா அதை எத்தனையோ தடவை போட்டுப் போட்டுக் கேட்டார். புத்தாண்டு பிறந்த முதல் மாதத்தில் அங்கே யாரும் தலையில் கத்திரி வைக்க மாட்டார்களாம். வைத்தால் தாய்மாமனுக்கு ஆகாதாம். அவர்களுக்குப் புத்தாண்டு பிறப்பது நம் தை மாதத்தையொட்டித்தான். நாள் கிழமை அச்சடித்துப் பிழைக்கிற எங்களில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

மகன் இல்லாத நேரம் பார்த்து அக்கா மருமகளையே கூப்பிட்டார். “தம்பிக்காகவா?” என்று தன் சந்தைச் சீனத்தில் கேட்டார். அந்தப் பக்கம் அழுகைதான் வந்தது. சொன்னால் ஊரில் சிரிப்பார்கள் என்று மகன் மறைத்திருக்கிறான்.

அக்கா வீட்டுக்காரரின் அண்ணன், நேர்ந்ததைத் தள்ளிப்போடக் கூடாது என்று குதித்தார். விஷயத்தைக் கேட்டதும் அடங்கிவிட்டார். “தாய்மாமனுக்கு ஆகாதுன்னு முதல்லயே சொல்ல வேண்டாமா? பங்குனியில வச்சுக்கிடுங்க.”

பங்குனி கடைசி வெள்ளிக்கு நானும் போயிருந்தேன். அந்தத் தம்பி புது வேட்டிக்கு மேல் பெல்ட் போட்டுக்கொண்டு, பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தான். மொட்டை முடிந்ததும் மருமகள் குனிந்து, விழுந்து கிடந்த முடியில் ஒரு கொத்தை எடுத்துக் கைக்குட்டையில் வைத்தாள். “சாமிக்குக் குடுத்தத வீட்டுக்குக் கொண்டு போறதா?” என்று அக்கா வீட்டுக்காரரின் அண்ணன் சத்தம் போட, கூட்டமே திரும்பிப் பார்த்தது. இந்தப் பழக்கம் அக்கா பார்த்த எந்த வீடியோவிலும் வந்ததில்லை. அவர் மருமகளிடமே போய் ஏதோ கேட்டார். அவள் மெல்லிய குரலில் பதில் சொன்னாள்.

அக்கா குனிந்து இன்னொரு கொத்து முடியை எடுத்து அதே கைக்குட்டையில் வைத்து மடித்தார். “ஆத்தா கோவிச்சுக்கிட மாட்டா, அத்தான்” என்றார். “இன்னும் பேரன் மொகத்தப் பாக்காம அங்கன ஒரு பாட்டி இருக்கா. அவளுக்கு அனுப்பணுமாம்.”